கெளுத்தி மீனின் ஒட்டுண்ணிகளைப் படிக்க விரும்பும் மகள்: எந்தப் பட்டம், எந்த வேலை?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்திருக்கிறாள். ஒகேனக்கல்லில் வாங்கிவந்த கெளுத்தியைச் சுத்தம் செய்யும்போது வயிற்றில் புழு இருந்ததாம். அதிலிருந்து "ஆத்து மீனுக்கு வர்ற ஒட்டுண்ணியத்தான் படிப்பேன்" என்கிறாள். சொந்தக்காரர்கள் நர்சிங்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். இப்படி ஒரு படிப்பு உண்டா? படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, 'மீன் ஒட்டுண்ணியியல்' என்ற பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். அது முதுநிலையிலும் முனைவர் பட்ட ஆய்விலும் போய்ச் சேரும் துறை. இப்போது சேர வேண்டியது அகலமான ஒரு பட்டத்தில். நாலு வருடம் கழித்து அவளுடைய ஆர்வம் வேறு பக்கம் திரும்பினாலும் அந்தப் பட்டம் சோறு போட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் முதல் தேர்வு பி.எஃப்.எஸ்சி. என்னும் மீன்வளப் பட்டம், இரண்டாவது பி.எஸ்சி. விலங்கியல். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரியது.

பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு ஆகிய ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. தூத்துக்குடி கல்லூரி 1977இலிருந்து நடப்பது. உங்கள் பக்கத்திலிருந்து போய்வரப் பொன்னேரி சுலபம்: மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் புறநகர் ரயில். இதற்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைதான். ஆனால் பொறியியல் கலந்தாய்விலோ மருத்துவக் கலந்தாய்விலோ இந்தப் படிப்பு வராது. மீன்வளப் பல்கலைக்கழக அறிவிப்பைக் கவனித்து, அதில் சொல்லும் வழியில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மீன்வளப் படிப்புக்கும் பொருந்தும். 2021இல் வந்த சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றோடு மீன்வளத்தையும் சேர்த்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் உண்டு. இடையில் ஓரிரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தால் ஒதுக்கீடு பொதுவாகக் கிடைக்காது. எனவே பள்ளிச் சான்றுகளை இப்போதே சரிபாருங்கள்.

விலங்கியல் என்றால் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை; பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுக் கலைக் கல்லூரிகளில் செலவும் குறைவு. ஆனால் பின்னால் இரண்டு கதவுகள் மூடிக்கொள்ளும். ஒன்று, மீன்வள முதுநிலையான எம்.எஃப்.எஸ்சி.யின் பெரும்பாலான பிரிவுகளுக்கு பி.எஃப்.எஸ்சி. கேட்பார்கள். இன்னொன்று, பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு. அதை மீன்வளப் பட்டதாரி எழுதலாம், விலங்கியல் பட்டதாரி எழுத முடியாது. விலங்கியல் வழி என்பது எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு, பிறகு முனைவர் பட்டம் என்று நீளும் ஆராய்ச்சிப் பாதை. வீட்டுச் சூழல் அதற்கு இடம் கொடுத்தால் தாராளமாகப் போகலாம்.

இனி அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை அவளே தெரிந்துகொள்ளட்டும். புழுவைப் பார்த்து வந்த ஆர்வம் புழு எண்ணும் பொறுமையாக மாறுமா என்பது நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தால்தான் தெரியும்.

கெளுத்திக்குச் செதில் கிடையாது. வெறும் தோலும் அதன்மேல் வழுவழுப்பும்தான். பாறைக்கடியிலும் சேற்றிலும் ஒண்டிக் கிடக்கும் மீன் என்பதால் அடித்தளத்தில் வாழும் நத்தை, சேற்றுப்புழு வழியாகப் பரவும் ஒட்டுண்ணிகள் அதை எளிதில் பிடிக்கின்றன. தோலிலும் செவுளிலும் முதலில் தேட வேண்டியது இக்தியோப்தீரியஸ் என்னும் ஒருசெல் உயிரி. வெண்புள்ளி நோய் இதனால்தான் வருகிறது. பெரியது ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். உள்ளே குதிரை லாட வடிவத்தில் உட்கரு தெரிந்தால் சந்தேகமே இல்லை. வட்டத் தட்டுப் போலச் சுழன்றுகொண்டே போனால் டிரைக்கோடைனா. செவுள் இழையில் கொக்கி போட்டு ஒட்டியிருக்கும் மிகச் சிறிய தட்டைப்புழுக்கள் ஒற்றைவாழ்வுப் புழுக்கள்; இவற்றுக்கு இடைநிலை உயிரி தேவையில்லை, மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தொற்றும். வெறும் கண்ணுக்கே தெரிபவை மீன் பேனும் நங்கூரப் புழுவும்.

உள்ளே போனால் கதை வேறு. கெளுத்தி வகையைச் சேர்ந்த ஆற்று வாளையின் காற்றுப்பையைத் திறந்தால் ஐசோபாரார்க்கிஸ் என்னும் பெரிய தட்டைப்புழு இருக்கலாம். அதே வகையைச் சேர்ந்த தேளியின் குடலில் லைட்டோசெஸ்டஸ் என்னும் கணுக்களற்ற நாடாப்புழு. சேற்றுப்புழுவைத் தின்றதால் வந்தது. புரோகமல்லானஸ் என்னும் உருளைப்புழுவைச் சுமந்துவருவது நீரில் மிதக்கும் சிறு ஓட்டுடலி. தசையிலும் தோலுக்கடியிலும் மஞ்சள் கட்டியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கிளைனோஸ்டோமத்தின் இளநிலை. நத்தையில் தொடங்கி, மீனில் காத்திருந்து, கொக்கின் வாயிலும் தொண்டையிலும் முடியும் வாழ்க்கை அதனுடையது. ஆக, ஒரு மீனை அறுத்தால் அந்த ஓடையில் நத்தை உண்டா, கொக்கு வருகிறதா, சேறு எப்படி என்பதெல்லாம் தெரியவரும். ஆராய்ச்சியாளர்கள் இந்த மீன்களை விடாமல் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (வயிற்றில் புழு இருந்த மீனைச் சாப்பிடலாமா என்றால், குடலை நீக்கி, நன்றாக வேகவைத்த அல்லது பொரித்த மீனில் புழு உயிரோடு இருக்காது. அரைவேக்காடுதான் ஆபத்து.)

விடுமுறையில் பள்ளி ஆய்வகத்தின் கூட்டு நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மீன் உயிரோடு இருக்க வேண்டும், அது இருந்த தண்ணீரிலேயே வர வேண்டும். மீன் செத்த கொஞ்ச நேரத்தில் வெளி ஒட்டுண்ணிகள் உதிர்ந்துவிடும் அல்லது உருத்தெரியாமல் கரைந்துவிடும். ஐஸில் கிடந்த சந்தை மீனில் செவுளைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. அந்த மீன் எந்த ஏரி, எந்த அணை என்பதும் தெரியாது.

கெளுத்தியின் மார்புத் துடுப்பு முள்ளில் குத்துப்பட்டால் வலிக்கும். தேளியின் முள்ளில் நஞ்சே உண்டு. விற்பவரிடமே கொறடால் முள்ளை நறுக்கித் தரச் சொல்லலாம். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மீனைக் கொன்றவுடன் நீளம், எடை குறித்துக்கொண்டு, மார்புத் துடுப்புக்குப் பின்னால் கவர்ஸ்லிப்பின் விளிம்பால் வழுவழுப்பை மெல்லச் சுரண்டி, அதே தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, முதலில் 40 மடங்கிலும் பிறகு 100 மடங்கிலும் பார்க்கட்டும். குழாய்த் தண்ணீர் விடக் கூடாது, குளோரின் இருந்தால் ஒருசெல் உயிரிகள் செத்துவிடும். செவுள் வளைவுகளை ஒவ்வொன்றாக வெட்டித் தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும். எந்த வளைவில் எத்தனை என்பதும் தகவல்தான். பிறகு மலவாயிலிருந்து முன்னோக்கி, கத்தரி நுனி குடலைக் கிழிக்காதபடி வயிற்றைத் திறந்து, குடலை 0.7 சதவீத உப்புக் கரைசலில் (ஒரு லிட்டருக்கு 7 கிராம்) போட்டு நீளவாக்கில் பிளந்து, அலசிய தண்ணீரையும் விடாமல் பார்க்க வேண்டும்.

புழுவைப் பாதுகாப்பதிலும் அவசரம் கெடுக்கும். உருளைப்புழுவைக் குளிர்ந்த ஆல்கஹாலில் போட்டால் சுருண்டு அடையாளம் காண முடியாமல் போகும். சூடாக்கிய 70 சதவீத ஆல்கஹாலில் நேராக நிற்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சூடாக்க வேண்டும். முள்தலைப்புழுவைச் சில மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் விட்டால்தான் முள் வரிசையுள்ள தும்பிக்கையை வெளியே நீட்டும். அந்த முள்ளை எண்ணித்தான் இனம் சொல்கிறார்கள். மரபணு ஆய்வுக்கு என்றால் 95 சதவீத எத்தனால். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. எடுப்பது கடினம்.

கடைசியில் கணக்கு. 30 மீன் பார்த்து 12இல் புழு, மொத்தம் 60 புழு என்றால் தொற்று விகிதம் 40 சதவீதம். தொற்றிய மீனுக்குச் சராசரி 5 புழு. பார்த்த மீன் எல்லாவற்றுக்கும் சராசரி 2. இந்த மூன்றையும் குழப்பாமல் எழுதத் தெரிந்தவளுக்கு முதுநிலை ஆய்வேட்டில் பாதிச் சிக்கல் இருக்காது. மூன்று மீன் பார்த்த பிறகும் நாலாவதை அறுக்க அவளாகவே உட்கார்ந்தால் துணிந்து சேர்க்கலாம். முதல் மீனிலேயே கழுத்து வலிக்கிறது என்று எழுந்துவிட்டாலும் மீன்வளப் பட்டம் வீணில்லை. மீன்வளர்ப்பு, பதப்படுத்துதல் என்று அதில் வேறு பிரிவுகள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ஒகேனக்கல்லைச் சுற்றிய காடுகளில் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது. ஆய்வுக்கு என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஓடையில் வலை போடக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நாட்டிலேயே தடைசெய்யப்பட்டது. அதைப் பண்ணையில் வாங்கிப் பழகவும் வேண்டாம்.

வேலை விஷயத்துக்கு வருவோம். 'ஒட்டுண்ணி நிபுணர் தேவை' என்று விளம்பரம் வராது. வேலை இருப்பது மீன் நலம் என்ற பெயரில். தனியார் துறையில் இறால், மீன் குஞ்சுப் பொரிப்பகங்கள், தீவன நிறுவனங்கள், கடலோர ஆந்திராவின் பரிசோதனைக் கூடங்கள், சென்னை கொளத்தூர் வண்ண மீன் தொழில் ஆகியவற்றில் நுண்ணோக்கி பிடிக்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கிறது. பண்ணையாளர் மருந்து ஊற்றியும் வெண்புள்ளி திரும்பத் திரும்ப வருகிறதே என்று வந்து நிற்பார். தோலுக்குள் இருக்கும் நிலையை மருந்து தொடாது, நீரில் நீந்தும் குஞ்சு நிலையைத்தான் கொல்லும், அதனால் சில நாள் இடைவெளியில் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று விளக்குவது இந்த வேலையில் ஒரு நாள். செதில் இல்லாத மீனுக்கு ரசாயன அளவில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் அதில் சேரும்.

அரசுப் பக்கம் மீன்துறை சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் பதவிகளை டி.என்.பி.எஸ்.சி. நிரப்புகிறது. இடங்கள் குறைவு, வருடந்தோறும் அறிவிக்கை வருவதும் இல்லை. அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். ஆராய்ச்சிக்குப் போனால் எம்.எஃப்.எஸ்சி.யில் நீர்வாழ் உயிரின நலப் பிரிவு. தமிழ்நாட்டிலேயே உண்டு, மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் அகில இந்திய நுழைவுத்தேர்வு வழியாகவும் சேரலாம். முனைவர் ஆய்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023இல் உயர்த்திய கணக்கின்படி, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வேளாண் விஞ்ஞானி பணிக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வில் 'மீன் நலம்' தனிப் பாடம். பட்டம், முதுநிலை, முனைவர் எல்லாம் சேர்த்தால் பத்து வருடக் கணக்கு. இடையில் நான்காம் வருடத்திலும் ஆறாம் வருடத்திலும் இறங்கி வேலைக்குப் போக வழி இருக்கிறது.

நர்சிங் நல்ல படிப்புதான், வேலையும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் மனமில்லாத பெண்ணை இரவுப் பணியில் நிறுத்துவது அவளுக்கும் நல்லதில்லை, நோயாளிக்கும் நல்லதில்லை. மீன்வளத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் விண்ணப்பம் திறக்கும் முன்பே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். தரவரிசை வெளியானதும் மதிப்பெண்ணோடு மறுபடி எழுதுங்கள். எந்தக் கல்லூரியை முதல் விருப்பமாக வைப்பது என்று அப்போது பார்க்கலாம்.