பேருந்தில் ஏற முடியாத பயம்

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளி ஆசிரியை. சில மாதங்களுக்கு முன், நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், அங்கேயே உயிர் போய்விடும் என்று தோன்றியது. ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்த்து, இதயத்தில் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் அது மறுபடி மறுபடி வருகிறது. பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டேன். கணவர்தான் தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். உறவினர் ஒருவர், தான் போடும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். எல்லாம் மனப்பிரமை என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் பட்ட அவதி பிரமை அல்ல. நீங்கள் விவரிப்பது, மருத்துவத்தில் ‘பேனிக் அட்டாக்’ என்று அழைக்கப்படும் பீதித் தாக்குதலாகவே தெரிகிறது. ஆபத்து எதுவும் இல்லாதபோதும் இருப்பதாக மூளை கணித்துவிட, அட்ரினலின் சுரந்து, ஓடித் தப்புவதற்கு உடல் ஆயத்தமாகிறது. அதனால்தான் இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் வியர்க்கிறது. அப்போது தேவைக்கு மேல் வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து, விரல்கள் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் ஏற்படுகின்றன. மூச்சு முட்டுவதாகத் தோன்றினாலும், அந்த நேரத்தில் உங்களுக்கு ஆக்சிஜன் குறைவதில்லை. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் அது தானாகவே தணிந்துவிடும்.

அப்படியானால் ஏன் மறுபடி வருகிறது? உடலில் எழும் சாதாரண மாற்றத்தை ‘மாரடைப்பு வரப்போகிறது’ என்று தவறாகப் பொருள்கொள்வதே பீதியை வளர்க்கிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். படிக்கட்டு ஏறினால் வரும் படபடப்புகூட அச்சத்தைத் தருகிறது. அச்சம் படபடப்பை மேலும் கூட்டுகிறது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, நீங்கள் பேருந்தைத் தவிர்ப்பதைத்தான். தவிர்க்கும் ஒவ்வொரு நாளும், ‘ஏறாததால்தான் பிழைத்தோம்’ என்ற பாடத்தை மூளை கற்றுக்கொள்கிறது. இன்று பேருந்து, நாளை கடைத்தெரு, பிறகு திருமண மண்டபம் என்று வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அது உங்களுக்கு நேரக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே படிப்படியாகத் திரும்பிச் செல்லுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் கணவருடன் ஒரே ஒரு நிறுத்தம்வரை பயணம் செய்து, அது பழகியபின் தூரத்தைக் கூட்டி, பிறகு கணவர் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்க, நீங்கள் மட்டும் பயணம் செய்யலாம். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடாமல், சற்றுத் தணியும்வரை அமர்ந்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி. பலன் தருவதும் அதுவே. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது அப்போது உதவும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறை வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. தவறான எண்ணங்களையும் தவிர்க்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’யில் பயிற்சி பெற்ற உளவியலாளர் உடனிருந்து வழிநடத்தினால் இந்தப் பயிற்சி மேலும் எளிதாகும்.

உறவினர் தரும் மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அல்பிரசோலம் விரைவில் அமைதி தருவது உண்மைதான். ஆனால் தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும். பிறகு திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்னைவிடக் கூடும், வலிப்புகூட வரலாம். மருந்து தேவைப்பட்டால் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றை மனநல மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடக்கூடும் என்பதையும் முன்பே தெரிந்துகொண்டால், பாதியில் நிறுத்த மாட்டீர்கள். வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும் என்ற அச்சம் பெரும்பாலானோருக்குத் தேவையற்றது. தைராய்டு மிகையாகச் சுரப்பதும் ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும் என்பதால், அந்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். காபியைக் குறையுங்கள்; காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைத்து, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு இத்தகைய பீதி வரும்போது, பெற்றோராகிய நாங்கள் என்ன செய்வது?
- வாசகர், தேனி

பதில்: ‘ஒன்றுமில்லை, பயப்படாதே’ என்று அதட்டுவதும், வீட்டிலுள்ள அனைவரும் சூழ்ந்துகொண்டு விசிறுவதும் பயன் தருவதில்லை. ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, ‘இது சிறிது நேரத்தில் தணிந்துவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று நிதானமான குரலில் சொல்லி, அவருடன் சேர்ந்து மெதுவாக மூச்சுவிட்டாலே போதும். தணிந்த பிறகு அறிவுரை கூறாமல், அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் நெஞ்சுவலி முதன்முறையாக வந்திருந்தாலோ, உடலுழைப்பின்போது தொடங்கியிருந்தாலோ, தோள்பட்டைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மயக்கம் வந்தாலோ, அதைப் பீதி என்று நீங்களாகவே முடிவு செய்யாமல், உடனே 108-ஐ அழையுங்கள்.