பழைய பிரெஞ்சு வெள்ளிச் சாமான்: முத்திரை குறித்த கேள்வி பதில்

சார், பாரிஸில் செய்த கரண்டியில் 84 என்று அடித்திருக்கிறது. 84 சதவீதம் வெள்ளி என்று அர்த்தமா?

இல்லை. அது முலாம் கரண்டி. 12 கரண்டி, 12 முள்கரண்டி கொண்ட செட்டுக்கு 84 கிராம் வெள்ளி ஏற்றியிருக்கிறோம் என்ற கணக்குதான் அந்த எண். உருப்படிக்கு மூன்றரை கிராம் வரும். பழைய ரஷ்ய வெள்ளியிலும் 84 உண்டு. அங்கே அது 875 தரம், அதாவது ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளி. இந்தக் குழப்பத்திலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

எண்ணை விட்டுவிட்டு, செய்தவர் முத்திரையின் கட்டத்தைப் பாருங்கள். 1797 சட்டத்தின்படி வெள்ளி வேலைக்காரரின் முத்திரை சாய்சதுரத்துக்குள், முலாம்காரருடையது சதுரத்துக்குள் இருக்க வேண்டும். சதுரத்தையே சாய்த்து அடித்திருந்தாலும் கண் ஏமாறும். நான்கு மூலையும் நேர்கோணமா என்று 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

மினர்வா (ரோமானியப் பெண் தெய்வம்) தலை முத்திரை இருக்கிறது, எண் தேய்ந்துவிட்டது. தரம் எப்படித் தெரியும்?

1838 முதல் வந்த முத்திரை அது. முதல் தரம் 950: எண்கோணக் கட்டம், நெற்றிக்கு முன்னால் 1. இரண்டாம் தரம் 800: பக்கங்கள் புடைத்த பீப்பாய் போன்ற கட்டம், தாடைக்குக் கீழே 2. எண் போனாலும் கட்டத்தின் விளிம்பு பெரும்பாலும் மிஞ்சும்.

கையோடு உருப்படியைத் திருப்பி, முத்திரைக்கு நேர் பின்புறமும் பாருங்கள். வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பரிசோதனை அலுவலகத்தின் பட்டறைக்கல்லில் பூச்சி உருவங்கள் செதுக்கியிருக்கும். மேலே முத்திரை அடிக்கும்போதே கீழே அவை பதிந்துவிடும். அசலைப் பார்த்து அச்சில் வார்த்த போலியில் முத்திரையின் ஓரம் மழுங்கியிருக்கும், ஊசிமுனைக் குழிகளும் தெரியும்.

சின்ன உருப்படிகளில் மினர்வாவுக்குப் பதில் காட்டுப்பன்றித் தலை (பாரிஸ்) அல்லது நண்டு (மற்ற ஊர்கள்) இருக்கும். இரண்டும் குறைந்தது 800 என்று மட்டுமே சொல்கின்றன. நண்டைக் காட்டி 950 விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அன்னம் முத்திரை இருந்தால் பிரெஞ்சு வேலைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. எந்த ஊர் வேலை என்று தெரியாமல் ஏலத்துக்கு வரும் வெள்ளிக்கு 1893 முதல் அடிப்பது அது. உலோகம் 800க்குக் குறையாது, அவ்வளவுதான்.

தேநீர்க் கெண்டியின் அடியில் 18ஆம் நூற்றாண்டு முத்திரை. நம்பலாமா ஐயா?

அந்தக் காலத்து வெள்ளியில் பெரும்பகுதி அரச ஆணைகளாலும் புரட்சியாலும் உருகிப்போனது. அதனால் முதலில் சந்தேகப்படுங்கள். உடைந்த கரண்டியிலிருந்து முத்திரையை வெட்டி, அடியில் பொடி (பற்றாசு) வைத்து ஒட்டுவது பழைய வித்தை. முத்திரைமேல் வாயால் ஊதுங்கள். நீராவி படரும்போது ஒட்டின கோடு வட்டமாகவோ சதுரமாகவோ தனித்துத் தெரியும். மேலே புதிதாக முலாம் ஏற்றியிருந்தால் இது பலிக்காது. அதுவே ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து 958 தர வெள்ளிக்கு எதற்கு முலாம்? மூடியிலும் தனி முத்திரை தேடுங்கள். இல்லையென்றால் மூடி மாற்றப்பட்டிருக்கலாம்.

கத்திகளை எடைபோட்டு வாங்கலாமா? கறுப்பு எப்படி எடுப்பது?

வேண்டாம். கைப்பிடி மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே அடைத்த அரக்கு, அலகு எஃகு. வெந்நீரில் போட்டால் அரக்கு இளகி அலகு கழன்றுவிடும். அலுமினியத் தாள், சலவை சோடா, வெந்நீர் முறையும் கத்திக்கு ஆகாது. மற்றவற்றில் கறுப்பு போகும், ஆனால் சித்திர வேலையின் பள்ளத்தில் வேண்டுமென்றே விட்ட கறுப்பும் சேர்ந்து போய்விடும். சுண்ணக்கட்டித் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பருத்தித் துணியால் துடைப்பது போதும். குத்துவிளக்குக்குப் போடும் விபூதியை முலாம் கரண்டியில் அழுத்தித் தேய்க்காதீர்கள். மேடான இடங்களில் முலாம் தேய்ந்து, அடி உலோகத்தின் மஞ்சள் நிறமோ சாம்பல் நிறமோ எட்டிப்பார்க்கும்.