பேச்சு இருக்கு, நடை இருக்கு, ஞாபகம் மட்டும் ஏன் போச்சு?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு இதயம் நின்னுபோய் சில நிமிஷம் கழிச்சுதான் திரும்ப துடிக்க வெச்சாங்க. இப்போ நல்லா நடக்கிறார், என் சின்ன வயசு கதையெல்லாம் சொல்றார், ஆனா பத்து நிமிஷம் முன்னாடி மாத்திரை போட்டது ஞாபகமில்ல. ஆக்சிஜன் மூளை முழுக்கத்தானே நின்னுச்சு?

பதில்: முழுக்கத்தான் நின்னுச்சு, ஆனா எல்லா செல்லும் ஒரே மாதிரி தாங்காதுங்க. உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போகுது, சேமிப்புனு ஒண்ணும் கிடையாது. அதுலயும் மூளைக்குள்ள ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ்ங்கிற பாகத்துல சிஏ1-னு ஒரு பகுதி இருக்கு, புது விஷயம் ஞாபகத்துல பதியறதுக்கு அது ரொம்ப முக்கியம், அங்க உள்ள செல்கள்தான் முதல்ல அடிவாங்குறது. சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற பக்கத்து செல்கள் பெரும்பாலும் தப்பிச்சிடும்!

காரணம் என்னன்னா, கத்துக்கிறதுக்காகவே இந்த செல்கள் குளூட்டமேட்ங்கிற ரசாயனத்துக்கு கதவை நிறைய வெச்சிருக்கு. ஆக்சிஜன் நின்னா குளூட்டமேட் கொட்டி, அந்தக் கதவெல்லாம் திறந்து, கால்சியம் உள்ள பாய்ஞ்சிடும், அதை வெளிய தள்ளுற பம்ப்புக்கோ எனர்ஜி இல்ல. எந்த வசதியால கத்துக்குதோ அதாலயே சாகுது, இத மாணவர்களுக்கு சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அதுவும் உடனே சாகாது, ரத்த ஓட்டம் திரும்பி எல்லாம் சரியாயிடுச்சுனு நாம மூச்சு விடுற நேரத்துல, ரெண்டு மூணு நாள் கழிச்சு சாகும். காய்ச்சல் வந்தா இந்த சேதம் கூடலாம், அதனாலதான் ஐசியுல அந்த நாட்கள்ல காய்ச்சல் ஏறவிடாம பார்த்துக்கிறாங்க.

1986-ல வெளியான ஒரு ஆய்வுல, ரத்த ஓட்டம் குறைஞ்ச பிறகு உங்க அப்பா மாதிரியே புதுசு பதியாம போன ஒருத்தர் மூளைய இறந்த பிறகு பார்த்தாங்க, ஞாபகக் குறைக்கு காரணம்னு சொல்லக்கூடிய பெரிய சேதம் ரெண்டு பக்கமும் சிஏ1-ல மட்டும்தான் இருந்துச்சு. பழைய கதைகள் மூளையோட மேல்பரப்புல பரவிக் கிடக்கு, அதான் உங்க சின்ன வயசு அவர்கிட்ட பத்திரமா இருக்கு.

சிலருக்கு முதல் சில மாசத்துல ஓரளவு தேறும், டாக்டர்கிட்ட ஞாபகப் பயிற்சி பத்தி கேளுங்க. மாத்திரைய நீங்களே கையில குடுங்க, போட்டதும் அவர் கண்ணு முன்னாடியே நோட்டுல நேரத்தோட எழுதுங்க. மறுபடி கேட்டா "இப்பதானே சொன்னேன்"னு சொல்லாதீங்க, அவருக்கு அது நிஜமாவே முதல் தடவை. நோட்டை காட்டுங்க, போதும்.