சலித்த குப்பை மண்ணை வயலில் கொட்டலாமா?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் கீரை போடுகிறேன். குப்பைக் கிடங்கில் சலித்தெடுத்த மண் என்று புரோக்கர் ஒருவர் குறைந்த விலைக்குத் தர, நான்கு லோடு இறக்கிவிட்டேன். மண் பரிசோதனை அட்டையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இதைப் பரப்பி உழலாமா?

பதில்: உழாதீர்கள். குவியலாகக் கிடக்கும்வரை அள்ளி வெளியேற்றலாம். கலப்பை ஓடிவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

உங்கள் அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் பார்ப்பது 12 விஷயங்கள்தான்: கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பேட்டரி, பெயிண்ட் டப்பா, உடைந்த எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் சேர்ந்து மக்கிய குப்பையில் நாம் முதலில் பார்க்க வேண்டியவையே அவைதான்.

"போட்டுப் பாருங்க, பயிர் கருகருன்னு வரும்" என்பார் புரோக்கர். வரும். மக்கிய குப்பையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அதை நம்பி ஏக்கருக்கு இருபது லோடு அடிக்கிறார்கள். லோடுக்கு ஐந்து டன் என்றால் 100 டன். அந்த மண்ணில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயம் இருந்தால், ஏக்கரில் 30 கிலோ ஈயம் இறங்குகிறது. மேல் அரையடி மண் சுமார் 900 டன். ஆக, நிலத்தில் கிலோவுக்கு 33 மில்லிகிராம் கூடுகிறது. மூன்று வருடம் தொடர்ந்தால் 100. தழைச்சத்து கரைந்து போகும், ஈயம் போகாது. உப்பும் ஏறினால் விதை முளைக்காது, இலை நுனி கருகும்.

நகரக் குப்பையை மக்கவைத்த கம்போஸ்டுக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு உண்டு: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்செனிக் 10. உரம் என்று விற்றால்தான் இந்தக் கணக்கு. அதையே லாரியில் 'மண்' என்று அள்ளிக்கொண்டு வந்தால் கேட்க ஆளில்லை. இந்த ஓட்டையில்தான் புரோக்கர் பிழைக்கிறார். விவசாயி கையில் ஒரு பரிசோதனைச் சீட்டுகூட இல்லாமல் லோடு இறங்குவதை எத்தனை காலம் அதிகாரிகள் வேடிக்கை பார்ப்பார்கள்?

குவியலில் பத்துப் பதினைந்து இடங்களில், உள்ளே கைவிட்டு மண் எடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும். கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கி ஒதுக்கி அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். குவியல் படாத உங்கள் சொந்த மண்ணிலும் அரையடி ஆழத்தில் இதேபோல ஒரு மாதிரி எடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் "மொத்த ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்செனிக்" என்று எழுதியே கேளுங்கள். வெறுமனே 'மண் டெஸ்ட்' என்றால் அதே 12 விஷயங்கள்தான் வரும்.

"ஜிப்சம் போட்டா விஷம் முறிஞ்சிடும்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஜிப்சம் களர் நிலத்தின் சோடியத்துக்கு மருந்து, ஈயத்துக்கு அல்ல. புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு இட்டால் காட்மியமும் ஈயமும் ஓரளவு கட்டுப்படும் என்பது உண்மை. ஆர்செனிக் மட்டும் விதிவிலக்கு. கார அமில நிலை கூடக் கூட அது மண்ணின் பிடியிலிருந்து விடுபட்டு நீரில் கரையும். நச்சு வகைக் குரோமியமும் அப்படித்தான். அதனால் ரிசல்ட்டில் இந்த இரண்டும் கூடுதலாக இருந்தால் சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள். கோவை வட்டாரத்தின் சுண்ணாம்பு மண்ணில் அதற்குத் தேவையும் இல்லை.

ரிசல்ட் வரும்வரை குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழைநீர் அதன் வழியாக வடிந்து பாத்திக்கோ கிணற்றுக்கோ போகாதபடி சுற்றி வரப்பு கட்டுங்கள். வரம்பு தாண்டியிருந்தால் குவியலோடு அதன் அடியிலுள்ள இரண்டு அங்குல மண்ணையும் சேர்த்து வழித்தெடுங்கள். வழித்த இடத்தில் இன்னொரு மாதிரி எடுத்துப் பார்த்தபிறகே கீரை விதையுங்கள்; காட்மியத்தை இலையில் அதிகம் சேர்க்கும் பயிர் கீரைதான்.