பேஸ்பால் இல்லாத மாதங்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்துவிட்டது. பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் திறக்கும்வரை பேஸ்பால் கிடையாது. பந்து வீசும் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ், பேட்டர் டை காப் இருவரின் வாழ்க்கை வரலாறுகளையும் வாங்கினேன். ஐம்பது பக்கத்துக்குள் எண்கள் தடுக்கிவிடுகின்றன. எதை முதலில் படிப்பது, எப்படி?

வாசகர், சிகாகோ

அன்புள்ள நண்பருக்கு,

கோஃபாக்ஸை எடுங்கள். ஜேன் லீவி 2002இல் எழுதியது என்றால் இன்னும் நல்லது. 1965 செப்டம்பர் 9 அன்று கோஃபாக்ஸ் வீசிய பெர்ஃபெக்ட் கேமை, அதாவது எதிரணியில் ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ஆட்டத்தை, இன்னிங்ஸ் இன்னிங்ஸாகப் பிரித்து, இடையிடையே வாழ்க்கையைச் சொல்லிப்போவார். ஓர் இரவுக்கு ஓர் இன்னிங்ஸ் போதும். பழைய ஆட்டக் கணக்குகளைத் தொகுக்கும் ரெட்ரோஷீட் தளத்தில் அந்த ஆட்டத்தின் முழு விவரமும் இலவசம். பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது இன்னிங்ஸில் நிதானியுங்கள். கோஃபாக்ஸின் அணியான டாட்ஜர்ஸின் லூ ஜான்சன் வாக் வாங்கி, அதாவது நான்கு தவறான பந்துகள் வந்ததால் அடிக்காமலே, முதல் பேஸுக்குப் போகிறார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டி அவரை இரண்டாவதுக்கு நகர்த்துகிறார். ஜான்சன் மூன்றாவதைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே பிடிக்க, ஓடுகிறார், பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் எறிந்த பந்து தவறிப்போகிறது, ரன். ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பேஸ் சேர்வது) இல்லை! ஆட்டம் 1-0. எதிரணியான கப்ஸின் பிட்சர் பாப் ஹெண்ட்லி மொத்தமே ஒரு ஹிட்தான் கொடுத்தார், தோற்றார். எதிரே கோஃபாக்ஸ் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார்.

எண்களுக்கான சாவியும் இதே ரன்னில் இருக்கிறது. பிட்சரின் சராசரி என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் கொடுக்கும் ரன். சக வீரரின் பிழையால் வந்த ரன் அதில் ஏறாது, ஆகவே ஹெண்ட்லிக்கு இது ஏறவில்லை. கோஃபாக்ஸின் 1966 சராசரி 1.73, முழங்கை மூட்டுவாதத்தால் அந்த ஆண்டோடு, 30 வயதில், விலகினார். பேட்டிங் சராசரியைக் கிரிக்கெட்போலப் படித்தால் குழம்பும். இங்கே ஹிட்டுகளை அட்-பேட்டால் (பேட் செய்யும் முறைகளின் எண்ணிக்கை) வகுக்கிறார்கள், வாக் கணக்கில் வராது. .300 என்றால் பத்துக்கு மூன்று. அதுவே நல்ல ஆட்டம்.

காப் புத்தகத்தில் முதலில் அட்டையைப் பாருங்கள். ஆல் ஸ்டம்ப் எழுதியது என்றால் தள்ளிவையுங்கள். காப்பின் தந்தையை 1905இல் தாய் சுட்டது ஷாட்கன்னால் என்கிறார் அவர். அன்றைய பதிவுகள் கைத்துப்பாக்கி என்கின்றன. சார்லஸ் லீர்சன் 2015இல் எழுதியது இப்படிப்பட்ட கதைகளை ஆவணங்களோடு வைத்துச் சோதிக்கிறது. எந்த வரலாற்றை வாங்கும்போதும் கடைசியிலுள்ள குறிப்புப் பக்கங்களைப் புரட்டுங்கள். உரையாடல்கள் நிறைய இருந்து குறிப்புகள் இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

காப்பின் ஹிட்டுகள் ஓரிடத்தில் 4191, இன்னோரிடத்தில் 4189 என்றிருக்கும். அச்சுப்பிழை இல்லை. 1910இல் ஓர் ஆட்டத்தை இருமுறை கூட்டிவிட்டார்கள். அதில் அவர் அடித்த ஹிட்டுகள் இரண்டு.