இருவருமே கறுப்பினத்தவர்கள்தானே, பிறகு வில் ஸ்மித் கிறிஸ் ராக்கை அறைந்ததில் இனப் பிரச்சினை எங்கிருந்து வந்தது?

கேள்வி நியாயமானது. அடித்தவரும் அடிவாங்கியவரும் கறுப்பினத்தவர்கள். அன்றைய ஆஸ்கர் விழாவைத் தயாரித்த வில் பேக்கரின் குழு முழுக்கக் கறுப்பினக் குழு. ஆஸ்கர் வரலாற்றில் அப்படி அமைந்தது அதுவே முதல் முறை. தொகுத்து வழங்கிய மூவரில் ரெஜினா ஹால், வாண்டா சைக்ஸ் இருவரும் கறுப்பினப் பெண்கள். ஆகவே இனத்தை அந்த இரண்டு ஆண்களுக்கு நடுவே தேடினால் கிடைக்காது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் தேட வேண்டும். பார்த்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சரியாகப் பார்த்துவிடலாம். பாதி விவாதம் அரைகுறை வீடியோத் துண்டுகளை வைத்தே நடந்தது. 2022 மார்ச் 27, ஹாலிவுட்டின் டால்பி தியேட்டர். சிறந்த ஆவணப்பட விருதை அறிவிக்க நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் மேடைக்கு வந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த, நடிகர் வில் ஸ்மித்தின் மனைவி ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் மழித்த தலையைப் பார்த்து, ‘ஜி.ஐ. ஜேன்’ இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறேன் என்றார். 1997இல் வந்த அந்தப் படத்தில் டெமி மூர் மொட்டைத் தலையோடு ராணுவப் பயிற்சி எடுப்பார். கேமரா காட்டியபோது வில் ஸ்மித் சிரித்துக்கொண்டிருந்தார். ஜேடா எரிச்சலோடு கண்களை உருட்டினார். கேமரா மறுபடி ராக் பக்கம் போனது. சில நொடிகளில் ஸ்மித் மேடையேறி, விரித்த கையால் கன்னத்தில் ஓர் அறை விட்டு, திரும்பி நடந்துவந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, என் மனைவி பெயரை உன் வாயால் சொல்லாதே என்று கெட்ட வார்த்தை சேர்த்து இரண்டு முறை கத்தினார்.

நேரலை என்று சொன்னாலும் இப்படிப்பட்ட விழாக்களைச் சில நொடி தாமதத்தில்தான் ஒளிபரப்புவார்கள். கெட்ட வார்த்தை வந்தால் ஒலியை வெட்டத்தான் அந்த இடைவெளி. ஏபிசி தொலைக்காட்சி ஒலியை வெட்டியது. அதனால் அமெரிக்க வீடுகளில் ஸ்மித்தின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஏற்கெனவே பேசிவைத்த நாடகம் என்றே பலர் நினைத்தார்கள். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் வெட்டாமல் போன ஒளிபரப்பு இணையத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் தெளிவானது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்மித் சிரித்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில் கேமரா அவர்மேல் இல்லை. ‘மனைவி முகத்தைப் பார்த்துத்தான் எழுந்தார்’, ‘மனைவி தூண்டிவிட்டார்’ என்று எழுதியவர்கள் எல்லாம் அந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பியவர்கள். ஜூலையில் வெளியிட்ட மன்னிப்பு வீடியோவில் ஸ்மித்தே, அது என் முடிவு, ஜேடாவுக்கு அதில் பங்கில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகும் பழி அந்தப் பெண்மேல் விழுந்துகொண்டே இருந்தது. இதில் எனக்கு மிக வருத்தம் தருவது அதுதான்.

இனம் முதலில் உள்ளே வருவது முடி வழியாக. நம் ஊரில் மொட்டை என்றால் நேர்த்திக்கடன். பழனியிலோ திருப்பதியிலோ பெண்கள் முடி கொடுத்துவிட்டு வந்தால் யாரும் கேலி செய்வதில்லை. அதனால் ‘தலையைப் பற்றி ஒரு ஜோக், இதற்கா அடிப்பது?’ என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு முடியின் கதை வேறு. சுருண்ட இயற்கை முடியோடு போனால் அலுவலகத்துக்கு ஏற்ற தோற்றம் இல்லை என்பார்கள், பள்ளியில் பின்னலை அவிழ்க்கச் சொல்வார்கள். இதைத் தடுக்க ‘கிரவுன் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சட்டம் முதன்முதலாக 2019இல் கலிபோர்னியாவில் வந்தது. நாடு முழுவதற்குமான அதே சட்ட முன்வரைவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது 2022 மார்ச் 18 அன்று, இந்த அடி விழுவதற்கு ஒன்பதே நாள் முன்பு. செனட்டில் அது நிறைவேறவில்லை. முடி என்ற ஒன்றுக்காகச் சட்டம் கேட்டு நிற்கும் ஒரு சமூகத்தின் பெண்ணைப் பார்த்துச் சொன்ன ஜோக் அது.

போதாததற்கு ஜேடாவுக்கு இருந்தது நோய். 2018இல் தன் இணைய நிகழ்ச்சியில், குளிக்கும்போது கைநிறைய முடி கொட்டி வந்ததைச் சொல்லி, எவ்வளவு பயந்தேன் என்று பேசியிருந்தார். செய்திகளில் அடிபட்ட ‘அலோபீசியா’ ஒரே நோயின் பெயர் அல்ல. முடி உதிர்வைக் குறிக்கும் பொதுச்சொல். அதற்குள் பல வகை உண்டு. நாம் புழுவெட்டு என்று சொல்வது ஒரு வகை: உடலின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்க, காசு காசாக முடி உதிரும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும், சிலருக்குத் தலை முழுக்கப் போய்விடும். ஆண்டுக்கணக்கில் இறுக்கிப் பின்னுவதால் நெற்றியோரம் வழுக்கை விழுவது இன்னொரு வகை. மூன்றாவது, உச்சந்தலையில் தொடங்கி வட்டமாகப் பரவி, வேர் இருந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். அங்கே முடி மறுபடி முளைக்காது. இந்த மூன்றாவது வகை கறுப்பினப் பெண்களிடம்தான் மிக அதிகம். கிறிஸ் ராக் 2009இல் கறுப்பினப் பெண்களின் முடியைப் பற்றியே ஓர் ஆவணப்படம் தயாரித்தவர் என்பதும் சேர்ந்துதான் அன்று பலருக்குக் கோபம் மூட்டியது.

இருவருக்கும் பழைய கணக்கும் உண்டு. 2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போயின. ‘ஆஸ்கர்ஸ் சோ வைட்’ (ஆஸ்கர் இவ்வளவு வெள்ளையா) என்ற ஹேஷ்டேக் பிறந்தது அப்போதுதான். 2016 விழாவைப் புறக்கணிக்கப் போவதாக ஜேடா அறிவித்தார். அந்த விழாவைத் தொகுத்தவர் ராக். அழைப்பே இல்லாதவர் புறக்கணிக்கிறாராம் என்று மேடையிலேயே ஜேடாவைக் கிண்டலடித்தார்.

இனி எதிர்வினைகள். கறுப்பின மக்கள் ஒரே குரலில் பேசினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடிகை டிஃபனி ஹாடிஷ், ஒரு கணவன் மனைவிக்காக எழுந்து நின்றதைப் பார்த்ததே அழகு என்றார். கூடைப்பந்து ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பார், அந்த ஓர் அடியால் ஸ்மித் பெண்களையும் சிறுமைப்படுத்தினார், கறுப்பர்களைப் பற்றிய பழைய முத்திரைக்கும் வலுச் சேர்த்தார் என்று கடுமையாக எழுதினார். தானும் அலோபீசியாவால் தலைமுடியை முழுவதும் இழந்த நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரஸ்லி முதலில் ஸ்மித்தைப் பாராட்டிப் பதிவிட்டு, பிறகு அதை நீக்கினார். விழாவைத் தொகுத்த வாண்டா சைக்ஸ், உடம்பே சரியில்லாமல் போய்விட்டது என்றார். அடித்தவரை உட்காரவிட்டு விருதும் வாங்கவிட்டது அசிங்கம் என்றும் சொன்னார். வெள்ளையர் பக்கத்தில் இயக்குநர் ஜட் அபடோவ், ‘அவர் ராக்கைக் கொன்றிருக்கலாம்’ என்று எழுதிவிட்டு நீக்கினார். கையை விரித்து விட்ட ஓர் அறை கொலைமுயற்சி அளவுக்குத் தெரிந்தது ஏன் என்று கறுப்பின எழுத்தாளர்கள் கேட்டது இங்கேதான். ஒரு கறுப்பின ஆண் கோபப்பட்டால் அமெரிக்காவில் அச்சம் பல மடங்கு பெருகும் என்பது அவர்கள் அன்றாடம் அனுபவிப்பது.

அறை விழுந்த நொடியை நிறுத்திப் பாருங்கள். ராக்கின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கின்றன, முகம் சற்று முன்னே நீண்டிருக்கிறது. அடி விழுந்த பிறகும் அவர் கை ஓங்கவில்லை. தடுமாறி, இரண்டு வார்த்தை பேசி, விருதை அறிவித்தார். ஏன் திருப்பி அடிக்கவில்லை என்பதற்கு ஓராண்டு கழித்து, 2023 மார்ச்சில் பால்டிமோரிலிருந்து நேரலையில் வந்த தன் நிகழ்ச்சியின் முடிவில் அவரே பதில் சொன்னார்: வெள்ளைக்காரர்கள் முன்னால் சண்டை போடாதே என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் யாராலும் தர முடியாது.

அந்த வளர்ப்பின் வேர் எங்கே என்று தேடினால் ஆஸ்கரின் தொடக்க காலத்துக்கே போகலாம். 1940 பிப்ரவரி 29, லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசிடர் ஹோட்டல். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். அந்த ஹோட்டலில் கறுப்பர்களுக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் தனியாகக் கேட்டு வாங்கிய அனுமதியில்தான் அவர் உள்ளே வந்தார். சக நடிகர்களோடு உட்காரவிடாமல், சுவரோரம் ஒரு சின்ன மேசை. விருது வாங்கியதும், என் இனத்துக்கு என்றும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என்று நம்புகிறேன் என்றார். தனக்குக் கிடைத்த பரிசுக்கு நன்றி சொல்லும்போதுகூட இனம் முழுவதற்கும் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. 82 ஆண்டு கழித்து சிறந்த நடிகர் விருது வாங்கிய ஐந்தாவது கறுப்பினத்தவர் ஸ்மித். அவர் அடித்தபோது ‘நம் எல்லோர் பெயரும் கெட்டது’ என்று கறுப்பினக் குடும்பங்கள் வெட்கப்பட்டதும் அதே பாரத்தால்தான். ஒரு வெள்ளை நடிகர் குடித்துவிட்டுத் தகராறு செய்தால் அந்தத் தலைகுனிவு அவரோடு நின்றுவிடும்.

தண்டனையைப் பற்றிய வாதத்தில்தான் நிறையக் குழப்பம். கலிபோர்னியாவில் காயமில்லாத இப்படி ஓர் அடிக்குச் சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 2,000 டாலர் அபராதம். புகார் கொடுக்க விருப்பமா என்று போலீஸ் கேட்டது, ராக் மறுத்தார், வழக்கு அங்கேயே நின்றது. ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அமைப்பான அகாடமியின் பாதை தனி. ஸ்மித் ஏப்ரல் 1 அன்று உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். விலகியவரை இடைநீக்கம் செய்யவோ வெளியேற்றவோ வழியில்லை. அதனால் ஏப்ரல் 8 அன்று, அகாடமியின் எந்த விழாவுக்கும் 10 ஆண்டு வரக்கூடாது என்று தடை விதித்தார்கள். விருது அவரிடமே இருக்கிறது. பரிந்துரைக்கப்படவும் வெல்லவும் தடையில்லை.

‘வெள்ளையர் என்றால் இவ்வளவு வேகமாகத் தண்டிப்பார்களா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் காட்டிய எடுத்துக்காட்டு இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி. சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1978இல் நாட்டைவிட்டு ஓடியவருக்கு 2003இல் விருது கொடுத்தார்கள். அரங்கில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரை வெளியேற்றியது 2018இல். அதே 2003 மேடையில், நடிகர் ஏட்ரியன் பிராடி தனக்கு விருது வழங்க வந்த நடிகை ஹாலி பெர்ரியைக் கேட்காமல் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெர்ரி சிறந்த நடிகை விருது வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அன்று அது கொண்டாட்டக் காட்சியாகவே உலகமெங்கும் ஓடியது. இந்த ஒப்பீட்டில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை அல்ல. நடத்தை விதிகளை அகாடமி எழுதியதே தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்த பிறகு, 2017 டிசம்பரில். போலன்ஸ்கியோடு அதே நாளில் வெளியேற்றப்பட்டவர் கறுப்பின நகைச்சுவை நடிகர் பில் காஸ்பி. ஸ்மித் செய்ததோ அகாடமியின் சொந்த மேடையில், கோடிக்கணக்கானோர் கண்முன். ஆகவே தண்டித்த வேகத்துக்கு இனத்தை மட்டும் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. அன்றிரவு அகாடமி செயலற்று உட்கார்ந்திருந்ததுதான் பெரிய தவறு. சுமார் 40 நிமிடம் கழித்து அதே ஸ்மித் அழுதுகொண்டே விருது வாங்கினார். அகாடமியிடமும் சக போட்டியாளர்களிடமும் மன்னிப்புக் கேட்டார், ராக்கின் பெயரைச் சொல்லவில்லை, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஆண்டு நெருக்கடிகளைச் சமாளிக்கவென்றே ஒரு குழுவை அகாடமி அமைத்தது அந்த 40 நிமிடத்தை மனதில் வைத்துத்தான்.

ராக் அன்று அறிவிக்க வந்த விருது யாருக்குப் போனது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கறுப்பின இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் இயக்கிய ‘சம்மர் ஆஃப் சோல்’. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த கறுப்பின இசைவிழாவைப் படம்பிடித்துவைத்தும் வாங்க ஆளில்லாமல் ஏறக்குறைய 50 ஆண்டு கிடந்த சுருள்களிலிருந்து எடுத்த படம். யாரும் பார்க்காமல் போன ஒரு மகிழ்ச்சியை மீட்டுக் கொண்டுவந்தவர் மேடையேறியபோது அரங்கமே அந்த அடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அதிர்ச்சியிலிருந்து மீளாத ராக், வென்றவர்களை ‘குவெஸ்ட்லவும் நான்கு வெள்ளைக்காரர்களும்’ என்று அறிவித்தார். மேடைக்கு வந்த தயாரிப்பாளர்களில் ஒருவர் ஜோசப் படேல், தெற்காசிய வம்சாவளி. ஒரே இரவில் தெற்காசியர் மூவர் ஆஸ்கர் வென்ற அந்த நொடியும் பறிபோனது என்று அவர் பிறகு ட்விட்டரில் எழுதினார்.