லிங்க் வாங்கலாமா? இரண்டு டாக்டருக்கும் வேலை பார்க்கலாமா?

கேள்வி: பெங்களூரு இந்திராநகரில் ஒரு பல் கிளினிக்குக்கு எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்கிறேன். 'அடுத்த தெரு டாக்டர் மற்ற தளங்களில் காசு கொடுத்து லிங்க் வாங்கித்தான் கூகுளில் மேலே வந்தார், நீங்களும் வாங்குங்க, ஒண்ணும் ஆகாது' என்று டாக்டர் நச்சரிக்கிறார். இதற்கிடையில் டொம்லூரில் இருந்து இன்னொரு பல் டாக்டரும் கூப்பிடுகிறார். ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், அல்சூர்

பதில்: ஒன்றும் ஆகாது என்கிறவரிடம் ஜேசி பென்னி கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர். துணி, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத தளங்களில் காசு கொடுத்துப் போட்ட லிங்குகள்தான் காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது, கூகுள் அதைக் கீழே தள்ளியது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லி எஸ்.இ.ஓ. ஏஜென்சியை வீட்டுக்கு அனுப்பியது. நாளை உங்கள் டாக்டரும் அதையேதான் சொல்வார்.

இன்னொன்று, 2016க்குப் பிறகு பென்குயின் (லிங்க் மோசடியைப் பிடிக்கும் கூகுள் நிரல்) பெரும்பாலும் இப்படிப்பட்ட லிங்குகளைத் தண்டிப்பதில்லை, கணக்கிலேயே எடுப்பதில்லை. அதாவது காசு தண்டம். மேனுவல் ஆக்‌ஷன், அதாவது கூகுள் ஊழியரே பார்த்துத் தரும் தண்டனை, என்ற கத்தி தனியாகத் தொங்குகிறது. விளம்பரமாகவே லிங்க் வாங்குவதென்றால் ஸ்பான்சர்ட் (காசு கொடுத்த லிங்க்) என்று பக்கத்தின் கோடில் குறித்து வாங்கலாம், தப்பில்லை, ஆனால் ரேங்க் ஏறாது. அந்தப் பணத்தில் ரூட் கெனாலுக்கு எத்தனை தடவை வரணும், எவ்வளவு ஆகும் என்று டாக்டரையே சொல்லவைத்து ஒரு நல்ல பக்கம் எழுதுங்கள். வந்துபோகும் நோயாளிகளிடம் ரிவ்யூ கேளுங்கள், தள்ளுபடி ஆசை காட்டாமல். (ஊழியர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடுவது வேண்டவே வேண்டாம்.)

டொம்லூர் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. தூரத்தில் உள்ள ஒயிட்ஃபீல்டாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இதுவோ பக்கத்து ஏரியா, கூகுளில் தேடினால் மேப்போடு மேலே வருவது பொதுவாக மூன்றே பெயர்கள், இரண்டு பேரும் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அதைவிட, எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்ற முதல் டாக்டரின் சர்ச் கன்சோல் (தளத்தின் தேடல் கணக்கைக் காட்டும் கூகுள் கருவி) விவரம் முழுக்க உங்கள் தலையில் இருக்கிறது, அதை மறந்துவிட்டு இன்னொருவருக்கு வேலை பார்க்க யாராலும் முடியாது. அதனால் முதலில் இந்திராநகர் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 'இந்த ஏரியாவில் எனக்கு மட்டும்தான் வேலை பார்க்கணும்' என்று அவர் கேட்டால், சரி, அதற்குத் தனிக் கட்டணம் பேசி, எந்த ஏரியா, எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.